சுரண்டிய முகம்

சன்னலோரம் வெயில் நன்றாக விழுகிற இடத்துக்கு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை அந்தப் படத்தின் மேல் பிடித்தேன். பிடித்த கையை எடுக்காமலே அம்மாவைக் கூப்பிட்டேன்.

“இங்கே வந்து பாரும்மா. இது தேய்ஞ்சு போனது இல்லை. யாரோ கத்தி வச்சுச் சுரண்டியிருக்காங்க.”

அம்மா தையலைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். பிறகு வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த மனிதர் அப்போதுதான் போயிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி இன்னும் ரோஜா அத்தர் மணந்துகொண்டிருந்தது.

“வயசாகித் தேய்ஞ்சு போச்சுன்னுதானே சொன்னாரு?”

“அப்படித்தான் சொன்னாரு.”

“அப்போ எதுக்குப் பொய் சொல்லணும்?”

அன்று முதல் எங்கள் வீட்டில் சந்தேகமும் ஓர் ஆளாகக் குடிவந்துவிட்டது.

லஸ் முனையில் இருந்த போட்டோ ஸ்டூடியோவுக்கு நான் வீட்டிலிருந்தபடியே படங்களுக்கு வர்ணம் தீட்டிக் கொடுத்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும் சாந்தோமில், பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அம்மா கன்னிமடத்துக்குத் துணி தைத்தாள். நான் அங்கே படிக்கும்போது கற்ற தூரிகை வேலையை வைத்து என் பங்கைச் சம்பாதித்தேன். முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது தாண்டியிருந்தது. அம்மாவின் கணக்கில் அது ரொம்பவே தாண்டியிருந்தது.

காகிதத்தில் செய்த பெட்டி

வந்தவர் பெயர் மிர்சா காசிம். ஸ்டூடியோ முதலாளிதான் எங்கள் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்பியிருந்தார். உயரமான கறுப்புத் தொப்பி, முழங்கால் வரை கறுப்பு ஷெர்வானி, விரலில் நீலக்கல் மோதிரம். முன்னோர்கள் பாரசீகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களாம். மவுண்ட் ரோடில் கம்பளம் விற்கிறாராம். வீடு எங்கே என்று அம்மா கேட்டதற்கு “இங்கேதாம்மா, பக்கம்தான்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பட்டுத் துணியைப் பிரித்து அவர் எடுத்து வைத்தது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிக்கான பெட்டி. தட்டையாக, ஒரு ஜெபப் புத்தகத்தின் பருமன். மூடியின் வெளிப்பக்கம் முழுக்க ரோஜாக்கள். ஒரு கிளையில் புல்புல் குருவி, அலகைத் திறந்துகொண்டு. வார்னிஷ் தேன் நிறத்துக்கு முதிர்ந்திருந்ததால், பூவும் குருவியும் மாலை வெயிலில் இருப்பதுபோல் தெரிந்தன.

“மரமா?” என்று கேட்டேன்.

“காகிதம், தங்கச்சி. காகிதத்து மேல காகிதம் ஒட்டி, அழுத்தி, காயவச்சு, அதும்மேல படம் எழுதி, வார்னிஷ் மேல வார்னிஷ் பூசினது. பாரசீகத்துல ஷீராஸ்ங்கிற ஊர் வேலை. எங்க தாத்தாவுக்கு அப்பா காலத்துது.”

கையில் வாங்கினேன். பெட்டி காய்ந்த சுரைக்குடுக்கை போல் எடையே இல்லாமல் இருந்தது. மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் கண்ணாடி. இன்னொரு பக்கம், மூடியின் உட்புறத்தில், ஒரு பெண்.

அவளுக்கு முத்து பதித்த தலையணி இருந்தது. காதில் தொங்கட்டான், கழுத்தில் மணிகள், மருதாணி விரலில் சிறு கிண்ணம். பச்சை உடுப்பின் மடிப்புகளில் தங்க ரேகைகூட அழியவில்லை. முகம் மட்டும் இல்லை. நாலணாக் காசு அளவுக்கு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைப் பள்ளம்.

“இந்த இடத்தில் ஒரு முகம் வேணும். என் சொந்தத்துல ஒருத்தங்க முகம். போட்டோ கிடையாது. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதணும்” என்றார்.

திரைமறைவில் வாழும் கோஷா வீட்டுப் பெண்களைப் படம் பிடிப்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். அதனால் போட்டோ இல்லை என்றதில் எனக்கு ஆச்சரியமில்லை. அவர் போன பிறகு பூதக்கண்ணாடியில் பார்த்ததுதான் உறுத்தியது. தேய்ந்த படத்துக்கு ஓரம் மழுங்கியிருக்கும். இதில் ஒவ்வொரு கீறலும் கூர்மையாக இருந்தது. தாடையோரமாக, காதணியில் கத்தி படாமல், அவசரப்படாத ஒரு கை முகத்தை மட்டும் வழித்தெடுத்திருந்தது. பள்ளத்தில் அழுக்குகூட இன்னும் ஏறவில்லை. சமீபத்தில் நடந்த வேலை.

சிவப்பாக விழாத போட்டோக்கள்

முகம் விஷயத்தில் வாடிக்கையாளர் சொல்வதை நான் நம்புவதில்லை. அதற்குத் தொழில்தான் காரணம்.

கல்யாணத்துக்காக எடுக்கிற போட்டோக்கள் நிறைய வரும். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து ஒரு மாமி வந்து, மகள் படத்தை என்னிடம் நீட்டி, “எங்காத்துல எல்லாரும் நல்ல சேப்பு. போட்டோல மட்டும் எப்படியோ கறுத்துப்போய் விழுந்துடுத்து. நீ கொஞ்சம் சரி பண்ணிடேன், கொழந்தே” என்பாள். பக்கத்தில் நிற்கிற பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சரி பண்ணிக் கொடுப்பேன். மூக்கைச் சிறிதாக்கச் சொன்னவர்கள் உண்டு. இறந்துபோன தகப்பனாருக்கு, உயிரோடு இருந்தபோது இல்லாத தலைமுடியை வைக்கச் சொன்ன மகனும் உண்டு.

ஆகவே ஒரு மனிதர் ஒரு முகத்தை வாயால் சொல்லும்போது, அது எவ்வளவு தூரம் உண்மை என்று யோசிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் மிர்சா காசிம் சொன்ன விதம் வேறு. அவர் தடுமாறவேயில்லை.

வாரா வாரம் வந்தார். அம்மா கதவைத் திறந்து வைத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் தையலோடு உட்கார்ந்துகொள்வாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

“புருவம் ரெண்டும் மூக்குக்கு மேல சேர்ந்திருக்கும். கண்ணு நீளம், பாதாம் மாதிரி. இமை கொஞ்சம் கனமா, தூக்கம் வர்ற மாதிரி. வாய் சின்னது. ரொம்பச் சின்னது. இங்கே, உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம்.”

“முகம் வட்டமா, நீளமா?”

“சந்திரன் மாதிரி வட்டம். ஆனா கன்னம் உப்பல் இல்லை. அப்படித்தான் இருந்தது.”

அம்மாவின் ஊசி நின்றது. அவர் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“கவனிச்சியாடி லூர்து? ‘இருக்கும் இருக்கும்’னு சொல்லிக்கிட்டே வந்து, கடைசியில ‘இருந்தது’ன்னாரு. அந்தப் பொம்பளை இப்போ இருக்காளா, இல்லையா?”

“நீதான் கேளேன்.”

“நான் எப்படிக் கேட்கிறது?”

அடுத்த வாரம் நான் கேட்டேன். நேராகக் கேட்கத் தைரியமில்லை. “அவங்களை ஒரு தடவை பார்க்க முடிஞ்சா வேலை சுலபமா முடியும். நான் பொம்பளைதானே, வீட்டுக்கே வந்து பார்க்கிறேன்” என்றேன்.

அவர் முகம் மாறியது. மோதிரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். “முடியாது. அவங்க இப்போ வீட்டில இல்லை” என்றார். எங்கே என்று சொல்லவில்லை. எழுந்து நின்று, “இந்த விஷயம் யாருக்கும் தெரிய வேணாம்மா” என்று அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

தேசம்மா கொண்டுவந்த செய்தி

நொச்சிக்குப்பத்திலிருந்து எங்கள் சந்துக்கு மீன் கொண்டுவருகிறவள் தேசம்மா. கூடையை இறக்கிவைத்தால் மீனைவிடச் சேதி அதிகம் இருக்கும். ஒரு நாள் மிர்சா காசிம் வெளியே போகும்போது அவள் உள்ளே வந்தாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னாமா, அந்தத் தொப்பிக்கார சாயபு இன்னாத்துக்கு உங்க ஊட்டுக்கு வந்துக்கினு போறாரு?”

“உனக்கு அவரைத் தெரியுமா?” என்றாள் அம்மா.

“ராயப்பேட்டைல அவுரு ஊட்டுக்குத்தான வவ்வாலு மீனு குடுக்கறேன். அந்த ஊட்டுல ஒரு பீவி கீது. கீதுன்னு சொல்லிக்கினு கீறேன், இப்ப கீதோ இல்லியோ.”

அம்மா கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஏன், என்ன ஆச்சு?”

“மொகரத்துக்கு அப்பால ஆளக் காணோம்மா. திரைக்குப் பின்னால நின்னுக்கினு பேரம் பேசும். மூஞ்சியப் பாத்தவங்க யாரு? கொரலு மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். இப்ப சமையக்காரன் வந்து வாங்கறான். பீவி எங்கன்னு கேட்டா, வாயத் தொறக்க மாட்டேங்கறான். ஒரு நாளு உள்ள பெரிய ரகளயாம். கத்தியெல்லாம் எடுத்தாங்கன்னு எதுத்தூட்டு வேலக்காரி சொல்றா.”

கத்தி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

அன்று மீன் குழம்பு இறங்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள் அம்மா. பங்குச் சாமியாரிடம் சொல்லலாமா என்றாள். சாமியாரிடம் என்னவென்று சொல்வது? ஒரு படத்தில் முகம் இல்லை, ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் சத்தம் இல்லை. இதை வைத்து ஒரு மனிதரைக் கொலைகாரர் என்று சொல்லிவிட முடியுமா? ஆனால் அந்த வாரம் முழுக்க தூரிகையைத் தொடும்போதெல்லாம், செத்துப்போன ஒருத்திக்கு முகம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

அம்மாவின் கவலை வேறு பக்கமும் கிளை விட்டது. பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு பையனின் வீட்டார் அப்போது என்னைப் பெண் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாரா வாரம் ஓர் அந்நிய ஆண் வீட்டுக்கு வந்துபோகிறார் என்று யாராவது அங்கே சொல்லிவிட்டால்? “சீக்கிரம் முடிச்சுக் குடுத்துத் தொலைச்சிடு” என்றாள்.

முடித்தேன். பள்ளத்தைச் சீமைச் சுண்ணாம்புத் தூளும் கோந்தும் குழைத்து நிரவி, காய்ந்ததும் தேய்த்து, அணில் முடித் தூரிகையால் அவர் சொன்ன முகத்தை எழுதினேன். சேர்ந்த புருவம், பாதாம் கண், சின்ன வாய், மச்சம். வார்னிஷில் துளி மஞ்சள் கலந்து பழைய நிறத்தோடு சேர்த்தேன்.

மிர்சா காசிம் திறந்து பார்த்தார். கண்ணில் நீர் கட்டியது.

“இதேதான். தினம் தினம் பார்த்த முகம், தங்கச்சி.”

அவர் அழுதது எனக்குப் பயத்தைத்தான் அதிகமாக்கியது. பட்டுத் துணியில் பெட்டியைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அம்மா வாசலில் தண்ணீர் தெளித்தாள்.

திரை போட்ட ஜட்கா

தொல்லை விட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சந்து முனையில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. நாலு பக்கமும் திரை. பர்தா போட்ட ஓர் அம்மாள் இறங்கி, யாரையும் விசாரிக்காமல் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தாள். கதவைத் தானே சாத்தினாள். முகத்திரையைத் தூக்கினாள்.

தூக்கியதும் தன் முகத்தை எங்களை எங்கே பார்க்கவிட்டாள்? அவள்தான் என்னைப் பார்த்தாள். முன்னால் நின்று பார்த்தாள். பக்கவாட்டில் வந்து பார்த்தாள். என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நான் மரம் மாதிரி நின்றேன்.

“நீ இல்லை” என்றாள். மூச்சு விட்டாள். “வேற யாரு? சொல்லிடு.”

“என்ன கேட்கறீங்க? நீங்க யாரு?” என்று அம்மா குறுக்கே வந்தாள்.

அவள் பர்தாவுக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதே ரோஜா, அதே புல்புல். திறந்து, நான் எழுதிய முகத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இவ யாரு? இவ எங்கே இருக்கா? இவளைப் பார்க்காம நீ எப்படி எழுதினே?”

“மிர்சா சாயபு சொல்லச் சொல்ல எழுதினேன். அவங்க வீட்டு அம்மா முகம்னுதான் நாங்க நினைச்சோம்.”

“அவர் வீட்டு அம்மா நான்தான்.”

அம்மா இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டாள். “ஆண்டவரே! நீங்க உயிரோட இருக்கீங்களா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள்.

“ஏன், நான் எதுக்குச் சாகணும்?” என்றாள் அவள்.

அவள் பெயர் சகீனா. அப்போதுதான் நான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அகலமான முகம். எலும்பெடுத்த கன்னம். புருவங்கள் மெல்லிசாக, ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தன. சின்னக் கண்கள், ஆனால் ஒரு இடத்தில் நிற்காதவை. இடது கன்னத்தில் சில அம்மைத் தழும்புகள். வாய் பெரிது. பேசாதபோதும் ஏதோ சொல்ல வருகிற வாய். மச்சம் எங்கேயும் இல்லை.

அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவள் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் பெட்டி அவர் படுக்கைப் பக்கத்தில்தான் இருந்ததாம். சாயந்திரம் கடையிலிருந்து வந்ததும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் டீ குடிப்பாராம். ஒரு நாள் அவருடைய அக்காமார் வந்திருந்தபோது, “இப்படி ஒரு முகம் இனிமே துனியாவில் பிறக்காது” என்று பெருமூச்சு விட்டாராம்.

“அப்போ டீயைக் கையில ஏந்திக்கிட்டு நான் அங்கேதான் நின்னுக்கிட்டு இருக்கேன். அக்காமார் சிரிச்சாங்க. மறுநாள் அவர் தொழப் போனார். பேனா சீவுற கத்தி இருந்தது. உட்கார்ந்து பொறுமையா அவ முகத்தைச் சுரண்டி எடுத்துட்டு, அடையாறுல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டேன். அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்திருக்கார். வேலைக்காரங்க எதிர்ல குதிச்சாராம், கத்தினாராம்.”

“அப்புறம்?”

“இப்போ பெட்டியைக் குடுத்து ஆள் அனுப்பறார். ‘அந்த இடத்துல உன் முகத்தை எழுதி வச்சிருக்கேன், வந்துடு’ன்னு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. திறந்தேன். பார்த்தா, நான் சுரண்டிப் போட்ட அதே முண்டை திரும்ப வந்து உட்கார்ந்திருக்கா! அதே புருவம், அதே மச்சம். பழைய படத்தை நீ பார்த்ததே இல்லை. அப்போ இந்த முகத்தோட ஒருத்தி உயிரோட எங்கேயோ இருக்கணும், அவளை அவர் உன்கிட்ட கூட்டி வந்திருக்கணும். இல்லேன்னா அது நீயா இருக்கணும். அதான் அவர் வண்டிக்காரன்கிட்ட வழி கேட்டுக்கிட்டு வந்தேன்.”

நான் அவர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். புருவம் சேர்ந்திருக்கும் என்றார். கண் பாதாம் என்றார். வாய் ரொம்பச் சின்னது என்றார்.

சகீனா ஒவ்வொன்றுக்கும் தன் முகத்தில் அந்தந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது.

“இந்தத் தழும்பைச் சொன்னாரா?”

“சொல்லலை.”

“மூக்குத்தி? அவரே வாங்கித் தந்தது.”

இல்லை என்று தலையாட்டினேன்.

“அவர் பொய் சொல்லலை, பெண்ணே. இவளைப் பார்த்துப் பார்த்து, என்னைத்தான் சொல்றோம்னு நினைச்சுச் சொல்லியிருக்கார்” என்றாள். பிறகு நாற்காலியை வெளிச்சத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அதைச் சுரண்டு. என்னை எழுது.”

அம்மாவின் புதுச் சந்தேகம்

நான் எழுதிய முகத்தை நானே பேனாக்கத்தியால் வழித்தெடுத்தேன். மத்தியான வேளைகளில் அண்ணன் வீட்டு ஜட்காவில் சகீனா வருவாள். அவளை எழுதுவது சுலபமாக இல்லை. சந்தில் செருப்புச் சத்தம் கேட்டால் முகத்திரை இறங்கிவிடும். சத்தம் போனதும் ஏறும். வாய் ஓயாது. சின்ன வயதில் அண்ணனோடு மரமேறியது, சீட்டி அடிக்கக் கற்றுக்கொண்டது, மழை நாளில் தகரக் கூரைக்கடியில் போய் நின்றுகொள்ளப் பிடிக்கும் என்பது என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள்.

“கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க” என்பேன்.

“மூடின வாயை எழுதினா அவருக்கு அடையாளம் தெரியாது” என்பாள்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் தெளியவில்லை. ஒரு நாள் ஜட்கா போனதும் குரலைத் தாழ்த்தி, “இவதான் பொண்டாட்டின்னு நமக்கு என்னடி நிச்சயம்? வேற எவளாவது வந்து, தன் முகத்தை அங்கே வச்சுக்கப் பார்க்கிறாளோ என்னவோ” என்றாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய பிறகு போகவும் இல்லை.

அதைத் தீர்த்துவைத்தவள் தேசம்மாதான். சகீனா உள்ளே உட்கார்ந்திருந்தபோது வாசலில் மீன்கூடை இறங்கியது. திரைக்குள்ளிருந்தபடியே சகீனா, “என்னா, இன்னிக்கு வவ்வால் கண்ணு இப்படிக் குழி விழுந்திருக்கு? முந்தாநாள் மீனா?” என்று குரல் கொடுத்தாள். வழக்கம் விடவில்லை போலிருக்கிறது.

தேசம்மா கையில் எடுத்த மீனை அப்படியே கூடையில் போட்டாள்.

“அய்யய்யோ, ராயப்பேட்டை பீவி! நீ இங்கியா குந்திக்கினு கீற? ஊரே ஒன்னப் பொதச்சிட்டுது!” என்று கத்தினாள். சகீனா சிரித்த சிரிப்பில் முகத்திரை காற்று வாங்கியது. அம்மாவின் சந்தேகம் அன்றோடு போயிற்று.

ஆனால் எங்களைப் பற்றி மற்றவர்களுக்கு வந்த சந்தேகம் போகவில்லை. முதலில் ஓர் ஆண் வருகிறார், பிறகு திரை போட்ட வண்டி வருகிறது, உள்ளே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பேச்சு பெரம்பூர் வரை போய்விட்டது. பையனின் அம்மா, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வருகிறபோது எங்கள் உறவுக்காரர் ஒருவரை நிறுத்தி, வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அந்தப் பையனை நான் பார்த்ததுகூட இல்லை. எனக்கு அவன் போனதில் துக்கமில்லை. ஆனால் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது. காரணம் கேட்டு யாரும் எங்கள் வாசல்படி ஏறவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கவும் முடியாது. வேறொரு வீட்டுப் பெண்ணின் மானம் அதில் இருந்தது.

“இது சகீனா இல்லை”

படம் முடிந்து, சகீனா அதைக் கணவருக்கு அனுப்பிவைத்தாள். மறுநாளே மிர்சா காசிம் வந்தார். தொப்பி கோணலாக இருந்தது. அத்தர் மணக்கவில்லை.

“யார் உங்களை இதை மாத்தச் சொன்னது? இது யார் முகம்?”

“உங்க வீட்டு அம்மாதான். இதே நாற்காலியில வந்து உட்கார்ந்தாங்க.”

“இல்லை. இது சகீனா இல்லை. யாரோ உங்களை ஏமாத்தியிருக்காங்க. அவ இப்படி இருக்க மாட்டா.”

அம்மா தையலிலிருந்து நிமிராமலே சொன்னாள்: “சாயபு, தேசம்மா அவங்க குரலைக் கேட்டே கண்டுபிடிச்சா. அவ மீன்காரி.”

அவர் என் பூதக்கண்ணாடியைக் கேட்டார். சன்னலோரம் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சின்ன முகத்தின் மேல் குனிந்தார். நாலணா அளவு முகம்தான். அதில் நான் இடது கன்னத்தில் வைத்த புள்ளிகள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றைப் பார்த்துவிட்டார் என்று தோள் சரிந்ததில் தெரிந்தது.

“இந்தத் தழும்பு உண்மையா?”

“உண்மை.”

“சிரிக்கிற மாதிரி எழுதியிருக்கீங்களே?”

“அவங்க வாய் அப்படித்தான்.”

பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். “உட்கார்ந்திருந்தப்போ அவ உங்ககிட்ட என்ன பேசினா?”

சொல்லலாமா என்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையசைத்தாள். மரமேறியதைச் சொன்னேன். சீட்டி அடிப்பதைச் சொன்னேன். தகரக் கூரை மழையைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவர் முதல் தடவையாகக் கேட்கிறவர் போலக் கேட்டார். “சீட்டியா?” என்று ஒரு தரம் திருப்பிக் கேட்டார். பெட்டியை மூடித் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வாசலில் அவர் வண்டிக்காரனிடம், ராயப்பேட்டை வேண்டாம், அடையாறு பாலத்துக்கு விடு என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அவர் போனது அன்பினாலா, வெட்கத்தினாலா, அக்காமார்களின் வாயை அடைக்கவா என்று நானும் அம்மாவும் பல நாள் பேசியிருக்கிறோம். முடிவுக்கு வந்ததில்லை. நடந்தது மட்டும் தெரியும். சகீனா முதல் நாள் வெளியே வரவில்லை. அவர் அவளுடைய அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார். மறுபடி போனார். மழைக்காலம் முழுவதும் கடையை ஆளிடம் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். பிறகு அவள் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாளாம். அதற்கப்புறம் கதவும் திறந்ததாம்.

மழை விட்டு வெயில் ஏறிய ஒரு காலையில் திரை போட்ட ஜட்கா மறுபடி எங்கள் சந்து முனையில் நின்றது. முன்னால், வண்டிக்காரன் பக்கத்தில், மிர்சா காசிம் மடியில் ஒரு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். பெட்டிப் படுக்கையெல்லாம் பின்னால் கட்டியிருந்தது. திரை ஓரம் விலகி, சகீனாவின் கை எங்களைக் கூப்பிட்டது.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். திரையருகே போய், முன்னால் இருக்கிறவர் காதில் விழாத குரலில் கேட்டாள்.

“எல்லாம் சரியாயிடுச்சா? சந்தேகமெல்லாம் தீர்ந்துதாம்மா?”

“எங்கே தீர்ந்தது?” என்றாள் சகீனா, அவர் காதில் நன்றாக விழுகிற மாதிரி. “இன்னும் இருக்கும்மா. அண்ணன் வீட்டுல உட்கார்ந்து சந்தேகப்படறதுக்கு, நம்ம வீட்டுல உட்கார்ந்தே படலாமேன்னு கிளம்பிட்டேன்.”

மிர்சா காசிம் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது. வண்டிக்காரன் சாட்டையை எடுத்ததும், குலுங்காமல் மெதுவாக விடும்படி அவனிடம் சொன்னார்.